குளத்தின் அடியை யார் பார்ப்பது?

மண்சரிவிலோ வெள்ளத்திலோ வீட்டையும் தோட்டத்தையும் இழந்த ஒரு குடும்பத்துக்குப் புதிய காணி காட்டப்படும் நாளில் என்னென்ன கேட்கிறோம்? எத்தனை பேர்ச்சஸ், உறுதி எப்போது கையில் கிடைக்கும், பாதை வருமா, மின்சாரம் வருமா, பிள்ளைகளின் பாடசாலை எவ்வளவு தூரம் என்று கேட்கிறோம். எல்லாம் நியாயமான கேள்விகள். கிணறு தோண்டினால் எத்தனை அடியில் தண்ணீர் காணும் என்று அனுபவமுள்ள விவசாயி ஒருவர் கேட்பார். ஆனால், "இந்தக் காணிக்கு மேலே என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்கள் மிகச் சிலரே.

மேலே சரியக்கூடிய மண் இருக்கிறதா என்பதைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அதிகாரிகள் பார்த்துச் சொல்வார்கள். அது அவர்களுடைய கடமை. மேலே ஓர் இறப்பர் ஸ்டோர் இருக்கிறதா, அதன் கழிவுநீர்க் குளங்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன, அவற்றின் அடி ஒழுகுகிறதா என்பதைப் பார்ப்பது யாருடைய கடமை? இந்தக் கேள்வியைத்தான் இம்முறை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இடம்பெயர்வு சபரகமுவத் தோட்ட மக்களுக்குப் புதிதல்ல. 1977லும் 1981லும் வன்செயல்கள் துரத்தின. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் மலை இறங்கியது. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவில் தோட்டத்து லயனையும் மண் மூடியது. 2017 மே மாதம் இரத்தினபுரி மாவட்டம் நீரிலும் சேற்றிலும் அமிழ்ந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் கேகாலை மலைகளையும் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் "பாதுகாப்பான இடம்" என்ற சொல்லை நாம் கேட்கிறோம். தோட்டங்களில் சமதரை என்பது அரிய பொருள். இருக்கிற சமதரையில் ஸ்டோரும் துரை பங்களாவும் முன்னரே இடம் பிடித்துவிட்டன. எஞ்சியது பெரும்பாலும் ஸ்டோருக்குக் கீழே, ஓடையை ஒட்டிய துண்டு. சரிவு ஆபத்து இல்லாத இடம் அது என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் மேட்டிலிருந்து கசியும் நீர் வந்து சேரும் இடமும் அதுவே.

ஸ்டோரிலிருந்து வெளியேறுவது என்ன என்பது பால் வெட்டுகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆயினும் விவசாயக் குடும்பங்கள் பல இன்று இறப்பர் தொழிலிலிருந்து விலகிவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பாலை உறைய வைக்கப் போமிக் அமிலம் சேர்க்கிறார்கள். பால் கெடாமலிருக்க அமோனியா சேர்க்கிறார்கள். செறிவாக்கிய பால் தயாரிக்கும் ஆலைகளில், பிரிந்து வரும் மெல்லிய பாலை உறைய வைக்கக் கந்தக அமிலம் பயன்படுத்துவதுண்டு. உறைந்த இறப்பரைப் பிழிந்து கழுவிய நீரில் இவை எல்லாம் கலந்திருக்கும். பாலிலுள்ள புரதமும் சர்க்கரையும்கூட இருக்கும். இந்த நீரை ஒன்றன் கீழ் ஒன்றாக வெட்டிய குளங்களில் தேக்கி, கிருமிகள் தின்று தீர்க்கும்வரை நிறுத்தி வைப்பதே வழக்கம். காற்றுப் படாத அடியில் கந்தகம் கெட்ட முட்டை நாற்றமாக எழும். அந்த நாற்றத்தை வைத்துத்தான் மக்கள் குளத்தை அளக்கிறார்கள். நாற்றம் குறைந்தால் குளம் சரியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். குளத்தின் மேற்புறத்தைப் பற்றி மூக்கு சொல்லும். அடியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

"தண்ணீர் வெயிலில் வற்றிவிடும், பயப்பட வேண்டாம்" என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. கழிவுநீரை ஆவியாக்கும் குளங்கள் உலகில் உண்மையாகவே இருக்கின்றன. மழை குறைந்த வறண்ட நாடுகளில் உப்பும் இரசாயனமும் கலந்த நீரை அகன்ற குளங்களில் பரப்பி வெயிலுக்கு விடுகிறார்கள். நீர் மேலே போகும், கசடு அடியில் தங்கும். நல்ல முறைதான், அந்த நாடுகளுக்கு. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. நமது வானத்தின் கீழ் திறந்த குளமொன்றிலிருந்து வெயில் ஓராண்டில் குடிக்கக்கூடியது அதில் பாதியும் வராது. ஆகவே இங்கே ஒரு குளம் நிரம்பி வழியாமல், கான் வழியாகவும் வெளியேறாமல், வருடம் முழுவதும் ஒரே மட்டத்தில் நிற்கிறதென்றால் அதைப் பார்த்து மகிழக் கூடாது. அந்தத் தண்ணீர் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. மேலே போக முடியாத தண்ணீருக்கு எஞ்சியிருப்பது கீழ் வழி ஒன்றுதான்.

இதற்குத் தீர்வு கண்டவர்கள் எப்படிக் கண்டார்கள் என்பதை அறிவது நல்லது. ஆபத்தான கழிவுநீரைத் தேக்கும் புதிய குளங்களுக்கு அமெரிக்காவில் 1992இல் ஒரு விதி வகுத்தார்கள். குளத்தின் அடியில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று போதாது. இரண்டு அடுக்கு வேண்டும். இரண்டுக்கும் நடுவே சரளைக்கல் அல்லது நீர் ஓடக்கூடிய வலை. அந்த அடுக்கு ஒரு மூலையை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். அந்த மூலையில் ஒரு சிறு குழி. மேல் விரிப்பில் ஓட்டை விழுந்தால், ஒழுகும் நீர் மண்ணுக்குப் போகாமல் நடு அடுக்கில் ஓடி அந்தக் குழியில் சேரும். அங்கிருந்து பம்ப் போட்டு எடுத்து, எவ்வளவு என்று அளந்து, வாரம் ஒருமுறையேனும் பதிய வேண்டும். இவ்வளவுதான் அனுமதி என்று ஓர் அளவு முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். அதைத் தாண்டினால் 7 நாட்களுக்குள் அதிகாரிக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

இந்த விதியில் என்னைக் கவர்ந்தது அதன் நேர்மை. விரிப்பு ஒழுகாது என்று அது நம்பவில்லை. ஒட்டிய இடத்தில் விட்டுப்போகும், கூரிய கல் குத்தும், வெயிலில் வெடிக்கும், எப்படியும் ஒழுகும் என்று வைத்துக்கொண்டே தொடங்குகிறது. ஒழுகுகிறதா என்று கேட்பதை விட்டுவிட்டு, எவ்வளவு ஒழுகுகிறது, அதை யார் எழுதி வைக்கிறார்கள் என்று கேட்கிறது. நம்மூரில் தொழிற்சாலைக்காரர் "எங்கள் குளம் ஒழுகாது" என்று சொல்ல, அதிகாரி தலையாட்ட, விடயம் முடிந்துவிடுகிறது.

அந்த நாட்டிலும் விதி மட்டும் காப்பாற்றிவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். புளோரிடா மாநிலத்தில், மூடப்பட்ட உர ஆலையொன்றின் கழிவு மேட்டின்மேல் இருந்த குளத்தின் விரிப்பில் 2021 மார்ச் மாதம் ஒழுக்கு ஏற்பட்டது. கரை உடைந்துவிடும் என்று அஞ்சி நூற்றுக்கணக்கான வீடுகளிலிருந்து மக்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 80 கோடி லீற்றர் கழிவுநீரைக் கடற்குடாவில் திறந்துவிட நேர்ந்தது. பணமும் பொறியியலாளர்களும் நிறைந்த நாடு அது.

ஆக, சாதனத்தைப் பொருத்துவதைவிடப் பராமரிப்பதே பெரிய காரியம். பராமரிப்பு எப்படிச் சாகிறது தெரியுமா? திடீரென்று சாவதில்லை. முதலில் குழியிலுள்ள பம்ப் பழுதாகும். அடுத்த மாதம் திருத்தலாம் என்பார்கள். பைப்பில் பாசியும் கசடும் அடைக்கும். மட்டம் காட்டும் மிதவை ஒரே இடத்தில் சிக்கி நிற்கும். மழைநீர் குழிக்குள் இறங்கத் தொடங்கியதும், "அது மழைத் தண்ணீர்தானே" என்று எல்லா நீரையும் மழையின் கணக்கில் எழுதிவிடுவார்கள். தொழிற்சாலை ஒன்றில் (பெயர் வேண்டாம்) பதிவுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பதினொரு மாதங்களுக்கு ஒரே இலக்கம், ஒரே மையில், ஒரே சாய்வில். காவலாளியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. எதற்காக எழுதுகிறோம் என்று அவருக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை; எழுதியதை எவரும் வாசிக்கவும் இல்லை.

வறண்ட குழியும் நல்ல செய்தி என்று எண்ணிவிடக் கூடாது. ஒழுக்கு இல்லாமலும் குழி வறண்டிருக்கும். பைப் அடைபட்டாலும் வறண்டிருக்கும். எது என்று அறிய, மேல் முனையில் அளந்த நீரை ஊற்றி அது குழிக்கு வந்து சேருகிறதா என்று பார்க்கவேண்டும். பத்து வாளித் தண்ணீரும் அரை நாள் பொறுமையும் போதும்.

சபரகமுவவில் பழைய இறப்பர் ஸ்டோர்களின் குளங்களுக்கு இரண்டு விரிப்பு என்ன, ஒரு விரிப்பைக்கூட எதிர்பார்க்க முடியாது. மண்ணை வெட்டி, கரையை மிதித்து இறுக்கிய குளங்களே அதிகம். அடியில் கபுக் கல் இருந்தால் அதன் துளைகளும் வெடிப்புகளும் நீரை எங்கெங்கோ கொண்டுபோகும். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. காலப்போக்கில் குளத்தின் அடியில் படியும் வழுவழுப்பான சேறு, மண்ணின் துளைகளை அடைத்துக் கசிவைக் குறைத்துவிடும். பத்து வருடம் ஊறிய குளம், புதிய குளத்தைவிடக் குறைவாக ஒழுகலாம். பிறகு ஒரு நாள் குளம் சேற்றால் நிறைந்துவிட்டதென்று பெக்கோவைக் கொண்டுவந்து அடிவரை சுரண்டுவார்கள். ஊர் சந்தோஷப்படும், குளம் சுத்தமாகிவிட்டது. உண்மையில் அன்றுதான் அடைப்பு நீங்கி, பழைய கசிவு மீண்டும் தொடங்குகிறது. சேறு வாரிய மாதத்தின் திகதியைக் குறித்து வையுங்கள். அதற்குப் பின்வரும் மாதங்களில் பீலித் தண்ணீரையும் கிணற்றையும் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். கரையில் வளரவிட்ட மரத்தின் வேர், எலியும் முள்ளம்பன்றியும் தோண்டும் வளை ஆகியவையும் நீருக்கு வழிகாட்டிகள்.

கசிவு கிணற்றை மட்டும் கெடுப்பதில்லை. சரிவான நிலத்தில் இடைவிடாமல் ஊறும் நீர் மண்ணைக் கனமாக்கும், அதன் பிடிப்பைத் தளர்த்தும். மண்சரிவுக்குத் தப்பி வந்த குடும்பத்தை, மேலே ஊறிக்கொண்டிருக்கும் ஒரு குளத்தின் கீழே குடியமர்த்துவது எவ்வளவு பொருத்தமற்றது என்பதை விளக்க வேண்டியதில்லை. மே மாத மழைக்கும் ஒக்டோபர் மழைக்கும் முன்னர் வெடிப்புப் பார்க்கப் போகிறவர்கள், ஸ்டோர்க் குளத்தின் கரையின் கீழ்ப்பகுதியையும் பார்க்கவேண்டும். மழையில்லாத நாளிலும் அங்கே ஈரமா, தனியாக ஓரிடத்தில் மட்டும் புல் செழித்து நிற்கிறதா?

கவனிக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தூரதேசம் போகவேண்டியதில்லை. நம் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டைப் பாருங்கள். வேலூர்ப் பகுதியில் தோல் பதனிடும் நூற்றுக்கணக்கான ஆலைகள் கழிவுநீரை நிலத்திலும் பாலாற்றிலும் விட்டன. ஏறத்தாழ 35,000 ஹெக்டேயர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆய்வு கூறியதை இந்திய உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28ஆம் திகதிய தீர்ப்பில் எடுத்துக் காட்டியது. திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தமையும் அதே தீர்ப்பில் உண்டு. மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்ற கொள்கையை நிலைநாட்டிய பெருமைக்குரிய தீர்ப்பு அது. இழப்பீட்டைக் கணக்கிட ஒரு அதிகார சபை அமைக்கப்பட்டு, அதன் முடிவு வந்தது 2001இல். 2025 ஜனவரியிலும் அதே உச்ச நீதிமன்றம் அதே பாலாற்று மக்களின் இழப்பீடு குறித்து உத்தரவிட வேண்டியிருந்தது. தீர்ப்பு வந்த ஆண்டில் பிறந்த பிள்ளைக்கு இன்று சொந்தப் பிள்ளைகள் இருக்கலாம். உப்பேறிய நிலம் உப்பேறியபடியே கிடக்கிறது.

நம் நாட்டிலேயே சுன்னாகம் இருக்கிறது. மின் நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாக மக்கள் முறையிட்டார்கள். 2015இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குத் தாக்கல் செய்யப்பட்டது. 2019 ஏப்ரல் மாதம் தீர்ப்பு வந்தது. மின் உற்பத்தி செய்த நிறுவனம் 2 கோடி ரூபாய் செலுத்தவேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. குடும்பங்களுக்கு அது பங்கிடப்படும்போது கிணறு இறைத்துச் சுத்தம் செய்யும் செலவளவே தேறும். வழக்கின் பெரும்பகுதி எதில் கழிந்தது? எண்ணெய் யாருடையது என்பதில். அங்கே முன்பும் ஒரு பழைய மின் நிலையம் இயங்கியிருந்தது, போர்க்காலத் தாக்குதல்களும் நடந்திருந்தன. முந்திய நிலைமையைக் காட்ட, ஆண்டுதோறும் அளந்த கிணற்றுப் பதிவுகள் இருந்திருந்தால் அந்த வாதம் எவ்வளவு சுருங்கியிருக்கும்! விவசாயிக்குப் பதிவுப் புத்தகம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சுன்னாகத்தையே பதிலாகச் சொல்வேன்.

கம்பஹா மாவட்டத்தின் ரத்துபஸ்வல பற்றியும் ஒரு வார்த்தை. நமது மலைகளில் வெட்டப்படும் பாலைப் போன்ற பாலிலிருந்தே கையுறை செய்யும் தொழிற்சாலை அது. கிணற்று நீர் அமிலமாகிவிட்டது, ஆலையே காரணம் என்று ஊரார் கூறினார்கள். ஆலைத் தரப்பு மறுத்தது. இரு தரப்பும் நம்பக்கூடிய, நீண்டகாலம் சேர்த்த அளவீடு ஊரார் கையில் இல்லை. 2013 ஆகஸ்ட் 1ஆம் திகதி வீதியில் இறங்கிய மக்கள்மீது இராணுவம் சுட்டதில் மூவர் உயிரிழந்தனர். தண்ணீர் கேட்டுப் போனவர்கள் அவர்கள்.

இந்த விடயத்தில் நமக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. சபரகமுவவின் ஈர மண்ணில் இயற்கையாகவே கிணற்று நீர் சற்று அமிலத் தன்மையோடு இருப்பதுண்டு. குடிநீருக்கான இலங்கைத் தரம் அமில காரக் குறியீட்டை 6.5க்கும் 8.5க்கும் இடையில் வைத்திருக்கிறது. எந்த ஆலையும் இல்லாத ஊரிலும் 6க்குக் கீழே காட்டும் கிணறுகளைக் காணலாம். ஆகவே அந்த ஓர் அளவை மட்டும் தூக்கிக்கொண்டு ஆலைக்குப் போனால் தோற்றுத் திரும்புவோம். நமக்குக் கைகொடுப்பது வேறொன்று. நிறைய மழை பெய்வதால் இப்பகுதிக் கிணற்று நீரில் கரைந்த உப்பு மிகக் குறைவு. கழிவுநீர் கலந்தால் அது உயரும். நீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று காட்டும், பேனா அளவிலான கருவி இதைக் கணப்பொழுதில் சொல்லிவிடும். விலையும் ஒரு சிறு சங்கத்தால் தாங்கக்கூடியதே. மாதம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே கிணறுகளில் அளந்து எழுதுங்கள். குளத்துக்கு மேலே உள்ள கிணறு ஒன்று, கீழே உள்ளவை இரண்டோ மூன்றோ போதும். மேல் கிணறு அசையாமல் இருக்க, கீழ்க் கிணறுகள் மாதத்துக்கு மாதம் உயர்ந்தால், அப்போது நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடத்துக்கு மாதிரி அனுப்பி அமோனியா, நைத்திரேற்று, சல்பேற்று ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். நைத்திரேற்றுக்கான எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அது உயர்ந்த நீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைப்பது ஆபத்து. மலசலகூடக் குழியும் மாட்டுப்பட்டியும்கூட நைத்திரேற்றைத் தரும் என்பதால், அவை எவ்வளவு தூரத்தில் உள்ளன என்பதையும் அதே பக்கத்தில் எழுதி வையுங்கள். எதிர்த்தரப்பு கேட்கும் முன் நாமே எழுதியிருந்தால் நம் பதிவுக்கு மதிப்புக் கூடும்.

குளத்தையே சோதிக்கவும் எளிய வழி இருக்கிறது. பெப்ரவரி, மார்ச் மாதங்களில் இறப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்க்கும்போது பால் வெட்டுக் குறையும், பல இடங்களில் நின்றுவிடும். ஸ்டோருக்கு வேலை இல்லை, குளத்துக்கு வரவு இல்லை. வருடத்தில் மழை குறைந்த காலமும் ஏறக்குறைய அதுவே. நிர்வாகத்தோடு பேசி அப்போது நான்கு நாட்கள் குளத்தின் வரவு வாயையும் போக்கு வாயையும் அடையுங்கள். குளக்கரையோரம் ஒரு முளையை நட்டு நீர்மட்டத்தைக் குறியுங்கள். அருகிலேயே அகன்ற பேசின் ஒன்றில் அதே நீரை நிரப்பி, விளிம்பு வெளியே தெரிய, கல் வைத்துக் குளத்துக்குள் இருத்துங்கள். அதன் உள்ளேயும் மட்டத்தைக் குறியுங்கள். பேசினில் குறைவது வெயில் குடித்தது. குளத்தில் குறைவது வெயிலும் மண்ணும் சேர்ந்து குடித்தது. வித்தியாசம் மண்ணின் பங்கு. 20 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமும் உள்ள குளத்தில் ஒரு சென்ரிமீற்றர் வித்தியாசம் என்றால் 3,000 லீற்றர் நிலத்துக்குள் போயிருக்கிறது. இந்தச் சோதனை பள்ளிப் பிள்ளைகளுக்கான விளையாட்டல்ல. அடிச்சேற்றிலிருந்து எழும் வாயு மயக்கம் தரும், கரை வழுக்கும். பெரியவர்கள் இருவராவது சேர்ந்து, நிர்வாகத்தின் ஆளையும் உடன் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அவர் உடன் இருந்தால் முடிவை மறுக்கவும் முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும் 1988இன் திருத்தமும், கழிவை வெளியேற்றும் குறிக்கப்பட்ட தொழில்கள் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் பெறவேண்டும் என்கின்றன. தொழிலின் தன்மையைப் பொறுத்து மத்திய சுற்றாடல் அதிகார சபையோ பிரதேச சபையோ அதை வழங்குகிறது. உரிமம் நிரந்தரமானதல்ல, புதுப்பிக்கப்பட வேண்டும். அதில் நிபந்தனைகள் எழுதப்பட்டிருக்கும். நான் பார்த்த நிபந்தனைகள் பெரும்பாலும் குளத்தின் வாயிலிருந்து வெளியேறும் நீரைப் பற்றியே பேசின. குளத்தின் அடியைப் பற்றிப் பேசியவை அரிது. நாம் மாற்றக் கேட்க வேண்டியது இதைத்தான். புதுப்பிக்கும் வேளையில் கண்காணிப்புக் கிணறுகள், அளக்கும் தவணை, பதிவைக் கிராமத்துக்குக் காட்டும் கடமை ஆகியவற்றை நிபந்தனையாகச் சேர்க்கும்படி எழுத்தில் கேளுங்கள். உங்கள் அளவீடுகளின் பிரதியை இணையுங்கள்.

உரிமத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் தெரியவேண்டுமல்லவா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்குத்தான். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலைநாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்லவேண்டும். இந்த உரிமை பிரசைகளுக்கு உரியது. 1948இல் நம் பாட்டன்மாரிடமிருந்து பறிக்கப்பட்ட அந்தச் சொல்லைப் பெற ஒரு தலைமுறைக்கு மேல் போராட வேண்டியிருந்தது. கையில் இருக்கும்போது பாவிக்காமல் விடுவது வீண்.

இதையெல்லாம் பேசும்போது எழும் தயக்கத்தையும் நான் அறிவேன். "ஃபாதர், ஸ்டோரை மூடிவிட்டால் வேலைக்கு எங்கே போவது?" இந்தக் கேள்வியைக் கோழைத்தனம் என்று ஒதுக்குகிறவர்கள் மாதக் கடைசியில் கடைக்காரரின் கொப்பியைப் பார்த்ததில்லை. கணவன் ஸ்டோரில் வேலை, மனைவி கீழே மரக்கறித் தோட்டம், இருவரும் குடிப்பது ஒரே கிணறு. அவர்களிடம் போய் ஆலையா கிணறா என்று கேட்பது அநியாயம். ஆலையை மூடச்சொல்வது என் கருத்தல்ல. ஆனால் பராமரிப்பு என்பதும் வேலைதான் என்பதை நிர்வாகங்கள் ஏற்கவேண்டும். பம்பையும் பைப்பையும் பார்க்க, கிணறுகளை அளக்க, புத்தகம் எழுத ஒரு முழுநேர ஆள் தேவை. உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்துவிட்டு ஆடைத் தொழிற்சாலைக்குப் பஸ் ஏறும் பிள்ளைகள் நம் குடியிருப்புகளில் இல்லையா? அவர்களில் ஒருவரை ஆலையே சம்பளம் கொடுத்து அமர்த்தட்டும். அந்தக் கிணற்றைக் குடிக்கும் ஒருவர் எழுதும் புத்தகத்தில் பதினொரு மாதங்கள் ஒரே இலக்கம் வராது. இறப்பர் விலை இறங்கியிருக்கிறது, செலவு தாங்காது என்று நிர்வாகங்கள் சொல்லும். இரண்டு அடுக்கு விரிப்புக்கு அந்தப் பதில் பொருந்தலாம். மூன்று கண்காணிப்புக் கிணறுகளுக்கும் ஒரு சம்பளத்துக்கும் பொருந்தாது.

தொண்டு நிறுவனங்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். கிணறு கட்டி, பெயர்ப்பலகை நாட்டி, புகைப்படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள், அடுத்த ஐந்து வருடம் அந்த நீரைச் சோதிக்கும் செலவையும் திட்டத்தில் எழுதட்டும். வெளிநாட்டு நிதியாளர்கள் கட்டிடத்துக்குக் கொடுப்பார்கள், சோதனைக் குழாய்க்குக் கொடுக்கமாட்டார்கள் என்பது உண்மையென்றால், அவர்களோடு அதைப் பற்றி வாதாடுவது நம் வேலை.

காணி காட்டப்படக் காத்திருக்கும் குடும்பங்கள், வீட்டுத் திட்டத்துக்குக் கையெழுத்து வைக்கும் முன் கிராம அலுவலரையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் அழைத்துக்கொண்டு மேட்டில் ஏறி, ஸ்டோர்க் குளங்களைச் சுற்றி ஒருமுறை நடந்து வாருங்கள். குடியேறிவிட்டவர்கள், முதல் அளவீட்டை இந்த மாதமே எடுங்கள். வீடு கட்டும் முன் எடுத்த அளவுக்கு ஈடான சான்று பின்னர் எதுவும் கிடைக்காது. புத்தகம் இரண்டு பிரதியாக இருக்கட்டும்: ஒன்று மாதர் சங்கத் தலைவியிடம், மற்றொன்று வேறொரு வரிசை வீட்டில். மழைக்காலத்தில் ஒரு கூரை பறந்தாலும் மற்றொன்று எஞ்சும்.